எரியறது இல்ல தம்பி, தேயறது

கேள்வி: அண்ணே, ஆபீஸ்ல எனக்கு குடுத்திருக்கிறது ஐபிஎஸ் மானிட்டர். நாள் பூரா ஒரே எக்செல் ஷீட்தான் அதுல நிக்கும். நேத்து ஷீட்டை மூடிட்டு பாத்தா வெறும் கிரே பேக்ரவுண்ட்ல ஷீட்டோட கோடெல்லாம் லேசா நிழல் மாதிரி தெரியுது. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கேன். இதுதான் பர்ன்-இன்னா, அதாவது படம் ஸ்க்ரீன்ல நிரந்தரமா பதிஞ்சு போறதா, மானிட்டர் போச்சா? இதுல வேற வீட்டுக்கு ஒரு ஓஎல்இடி மானிட்டர் வாங்கலாம்னு இருக்கேன், பகல்ல கோடிங், ராத்திரி கேம். கூட வேலை செய்றவர் ஒரே வருஷத்துல டாஸ்க்பார் அச்சு குத்தின மாதிரி விழுந்துடும்ங்கிறார். இந்த காலத்து மானிட்டருக்கும் இதுக்கெல்லாம் பயப்படணுமா? ஸ்க்ரீன் சேவர் போட்டா போதுமா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஸ்க்ரீன்ஷாட் விஷயத்தை முடிச்சுடுவோம். நானும் கண்ணாடியை தொடச்சு மாட்டிக்கிட்டு ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாத்தேன், ஒரு கோடும் இல்ல. இருக்கவும் இருக்காது, ஏன்னா ஸ்க்ரீன்ஷாட்ங்கிறது கம்ப்யூட்டர் மானிட்டருக்கு அனுப்பற படத்தோட காப்பிதானே, அதை வாங்கி மானிட்டர் எப்படி காட்டுதுன்னு அதுக்கு எங்க தெரியப் போகுது. ஆனா உங்களுக்கே தெரியாம பாதி டெஸ்ட்டை முடிச்சு குடுத்துட்டீங்க. ஸ்க்ரீன்ஷாட்ல கோடு இல்லன்னா எக்செல், டிரைவர் எது மேலயும் தப்பு இல்ல, கோடு பேனல்லதான் நிக்குது.

நிக்குதுன்னுதான் சொன்னேன், விழுந்துடுச்சுன்னு சொல்லல. ஐபிஎஸ்ங்கிறது எல்சிடி வகை, அதுல நீங்க பாக்கறதுக்கு பேரு இமேஜ் ரிடென்ஷன், அதாவது படம் கொஞ்ச நேரம் தங்கிப் போறது. இன்னைக்கு வேலை முடிச்சு கிளம்பறப்போ மானிட்டரை ஆஃப் பண்ணிட்டு போங்க, காலையில பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ஒரு வெறும் வெள்ளை படத்தை ஃபுல் ஸ்க்ரீன்ல போட்டு ஒரு சில மணி நேரம் விடுங்க, இல்லன்னா ஏதாவது வீடியோ ஓட விடுங்க, படிப்படியா மங்கிடும்.

ஏன் தங்குதுன்னு தெரிஞ்சா பயம் போயிடும். எல்சிடி-ல பிக்சல் தானா வெளிச்சம் குடுக்கறது இல்ல. பின்னாடி ஒரு எல்இடி லைட் எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், முன்னாடி இருக்கிற லிக்விட் கிரிஸ்டல் ஜன்னல் கதவு மாதிரி திரும்பி திரும்பி அந்த வெளிச்சத்தை விடும், மறைக்கும், அவ்ளோதான் அதோட வேலை. அந்த கிரிஸ்டலை திருப்ப கரண்ட்டை ஒரே பக்கமா குடுக்க மாட்டாங்க, பிளஸ் மைனஸ்னு மாத்தி மாத்தி குடுப்பாங்க, ஏன்னா ஒரே பக்கமா குடுத்தா உள்ள இருக்கிற கொஞ்சநஞ்ச அழுக்கு, அதாவது அயனிகள், ஒரு ஓரமா போய் ஒட்டிக்கும். ஆனா மாத்தி குடுத்தாலும் ரெண்டும் மயிரிழை கூட பிசகாம சமமா இருக்கும்னு சொல்ல முடியாது இல்லையா, மணிக்கணக்கா ஒரே படம் நின்னா அந்த சின்ன வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமா சேந்துடும், அப்புறம் படத்தை மாத்தினாலும் அந்த இடத்து கிரிஸ்டல் முழுசா திரும்பாம கொஞ்சம் சாஞ்சே நிக்கும். அதுதான் உங்க எக்செல் கோடு. ரெஸ்ட் குடுத்தா அயனி திரும்ப கலஞ்சுடும், கோடும் போயிடும். கிரே கலர்ல தெரியுதுன்னு நீங்க எழுதினதும் சரிதான், முழு வெள்ளை முழு கருப்புல இந்த சின்ன சாய்வு கண்ணுக்கு புடிபடாது, நடுவாந்திர கலர்லதான் காட்டிக்குடுக்கும்.

எல்சிடி-க்கு இது வரவே வராதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுவும் முழு உண்மை இல்ல. வரவேற்பறையில, கேமரா கண்ட்ரோல் ரூம்ல, நாள் முழுக்க நிறுத்தாம வருஷக்கணக்கா ஒரே படம் ஓடற மானிட்டர்ல நிழல் போகாமலே தங்கிடறது உண்டு, அதுவும் காத்தோட்டம் இல்லாம சூடாகுற இடம்னா சீக்கிரமே வரும். அதனாலதான் அந்த மாதிரி வேலைக்குன்னே 24 மணி நேரமும் ஓடறதுக்கு தனியா மானிட்டர் விக்கறாங்க. வீட்லயும் ஆபீஸ்லயும் எட்டு பத்து மணி நேரம் ஓட்டி ராத்திரி அணைக்கிற எல்சிடி-க்கு பர்ன்-இன் கவலையை தலையிலேர்ந்து எடுத்துடலாம், அதுக்கு முந்தியே பின்பக்கத்து லைட் மங்கிடும், இல்ல உள்ள இருக்கிற பவர் சர்க்யூட்டு போயிடும், ரிப்பேர் பெஞ்ச்ல எனக்கு வர்ற எல்சிடி எல்லாம் பெரும்பாலும் அந்த ரெண்டு கேஸ்தான்.

சரி, இந்த பயம் எங்கிருந்து வந்துச்சு? பழைய டப்பா மானிட்டர், சிஆர்டி, அங்கிருந்து. அதுல கண்ணாடிக்கு உள்பக்கம் பாஸ்பர்னு ஒரு பூச்சு, எலக்ட்ரான் வந்து அடிச்சா ஒளிரும். அடி வாங்க வாங்க அந்த பூச்சுக்கு தெம்பு குறையும், ஒரே இடத்துல ஒரே எழுத்து வருஷக்கணக்கா நின்னா அந்த இடம் மட்டும் மத்ததை விட சீக்கிரம் சோந்து போகும். நான் தொழில் கத்துக்கிட்ட புதுசுல ஒரு சிஆர்டி வந்துச்சு, பச்சை எழுத்து மானிட்டர், பிளக்கே மாட்டல, வெறுமனே டேபிள்ல கெடக்கு, ஜன்னல் வெளிச்சத்துல சாச்சு பாத்தா கண்ணாடியில ஒரு மெனு அப்படியே படிக்க முடியுது, 1-லேர்ந்து 6 வரைக்கும் நம்பர் போட்டு, கடைசியில வெளியேறுன்னு. கரண்ட் இல்லாமலே படிக்க முடிஞ்ச மானிட்டர் என் வாழ்க்கையில அது ஒண்ணுதான். எனக்கு வேலை கத்துக்குடுத்தவர் சிரிச்சுக்கிட்டே, இதுக்கு கம்ப்யூட்டரே தேவை இல்லடான்னாரு.

ஸ்க்ரீன் சேவர் பொறந்ததே அதுக்காகத்தான். 1983 டிசம்பர்ல சாஃப்டாக்னு ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில ஜான் சோச்சாங்கிறவர் ஐபிஎம் பிசி-க்கு ஒரு குட்டி புரோகிராம் எழுதி போட்டாரு, கொஞ்ச நேரம் கீபோர்டை தொடலன்னா ஸ்க்ரீனை கருப்பாக்கிடும், அவ்ளோதான் அது செஞ்சது. பறக்கிற டோஸ்டர், பைப்பு, மீன் தொட்டி எல்லாம் அப்புறம் வந்த வேடிக்கை, இன்னும் சொல்லப் போனா வேடிக்கை பாக்கத்தான் போட்டோம், மானிட்டரை காப்பாத்தன்னு யாரு போட்டது. எல்சிடி வந்தப்புறம் அதோட அவசியமே போயிடுச்சு, எல்சிடி-ல ஸ்க்ரீன் சேவர் ஓடினா பின்னாடி லைட் வீணா எரியுது, அந்த நேரத்துக்கு ஸ்க்ரீனை ஆஃப் ஆக செட் பண்றதுதான் நல்லது. நடுவுல பிளாஸ்மா டிவி-ன்னு ஒண்ணு வந்துச்சு, அதுலயும் பாஸ்பர்தான், அதுக்கும் இந்த வியாதி இருந்துச்சு, மானிட்டரா அது மேஜைக்கு பெரிசா வரல, விட்டுடலாம்.

இப்போ உங்க ஓஎல்இடி. இங்கதான் உக்காந்து பேசணும்.

பர்ன்-இன்னு பேரு இருக்கறதால எல்லாரும் என்னமோ ஸ்க்ரீன் கருகிப் போற மாதிரி நெனச்சுக்கறாங்க. எதுவும் எரியறது இல்ல, தேயறது. செருப்பை பாருங்க, நடந்தா தேயத்தான் செய்யும், ரெண்டு பக்கமும் சமமா தேஞ்சா நமக்கு தெரியறதே இல்ல, குதிகால்ல ஒரு ஓரம் மட்டும் தேஞ்சாதான் நடை கோணும். ஓஎல்இடி-யும் அதே கணக்கு. அதுல பின்னாடி லைட் கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியற ஒரு குட்டி விளக்கு, எரிஞ்ச நேரத்துக்கும் எரிஞ்ச வெளிச்சத்துக்கும் தகுந்த மாதிரி அந்தந்த புள்ளிக்கு வயசாகும், நீல வெளிச்சம் குடுக்கிற பொருளுக்கு மத்ததை விட சீக்கிரமா. எல்லா புள்ளியும் ஒண்ணா வயசானா ஸ்க்ரீன் மொத்தமா லேசா மங்கும், நீங்க பிரைட்னஸை ரெண்டு பாயிண்ட் ஏத்திட்டு போயிடுவீங்க. டாஸ்க்பார் இருக்கிற பட்டை மட்டும் தனியா தேஞ்சா, கிரே கலர் வந்தப்போ அந்த பட்டை தனியா தெரியும், அது திரும்பாது. எல்சிடி-ல பாத்தது ரெஸ்ட் குடுத்தா போற விஷயம், இது போகாத விஷயம், ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிடறதாலதான் இவ்ளோ குழப்பம்.

இன்னைக்கு ஓஎல்இடி மானிட்டர்ல பெரும்பாலும் ரெண்டு ஜாதி. ஒண்ணு எல்ஜி டிஸ்ப்ளே பண்ற டபிள்யூஓஎல்இடி, வெள்ளை வெளிச்சத்தை கலர் ஃபில்டர் வழியா விட்டு கலர் எடுப்பாங்க, கூடவே வெள்ளைக்குன்னு தனியா ஒரு புள்ளி. இன்னொண்ணு சாம்சங் டிஸ்ப்ளே பண்ற க்யூடி-ஓஎல்இடி, அடியில மொத்தமும் நீல வெளிச்சம், மேல குவாண்டம் டாட்னு ரொம்ப நுண்ணிய துகள்கள் அதை சிவப்பாவும் பச்சையாவும் மாத்தும். எது முந்தி தேயும்னு சண்டை போட ஆளுங்க இருக்காங்க, என்னைக் கேட்டா நீங்க ஓட்டற விதம் அந்த வித்தியாசத்தை முழுங்கிடும்.

ஓட்டற விதம்னா மூணு விஷயம்: எவ்ளோ வெளிச்சம், எவ்ளோ நேரம், ஒரே இடத்துலயா. இதுல வெளிச்சத்தை ஜனங்க கண்டுக்கறதே இல்ல. பாதி வெளிச்சத்துல ஓட்டினா ஆயுசு ரெண்டு மடங்குன்னு நினைப்பீங்க, அதுக்கும் மேலேயே கெடைக்கும், ஏன்னா வெளிச்சம் கூட கூட தேய்மானம் அதை விட வேகமா ஏறும், சூடும் சேந்துக்கும். ரூம்ல உக்காந்து கோடிங் பண்ண 120 நிட்ஸ் (ஸ்க்ரீன் வெளிச்சத்தை அளக்கற அலகு) பக்கத்துல இருந்தாலே கண்ணுக்கு இதமா இருக்கும், ஆனா டப்பாவிலிருந்து எடுத்த மானிட்டரை ஃபுல் பிரைட்னஸ்ல வெச்சு, எதிர்ல ஜன்னலை தொறந்து வெச்சு, அதோட போட்டி போட விடறவங்க நிறைய பேரு.

வெளியில டெஸ்ட் பண்ணி பாத்தவங்களும் இருக்காங்க. ஆர்டிங்ஸ்னு ஒரு டெஸ்டிங் சைட் 2018-ல ஆறு ஓஎல்இடி டிவி-ய வாங்கி ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓட்டினாங்க, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி நிகழ்ச்சி. நியூஸ் சேனல் ஓடினதுல லோகோவும் கீழ் பட்டையும் அச்சா விழுந்துச்சு, அதே சேனலை கம்மி வெளிச்சத்துல ஓட்டினதுல பாதிப்பு ரொம்ப கம்மி. வாரத்துக்கு 140 மணி நேரம் ஒரே சேனல், நம்ம யாரும் அப்படி பாக்கறது இல்ல, ஆனா வெளிச்சத்தோட பங்கு என்னன்னு அதுல தெளிவா தெரிஞ்சுது. மானிட்டருக்குன்னு பாத்தா மானிட்டர்ஸ் அன்பாக்ஸ்டுங்கிற யூடியூப் சேனல்காரங்க ஒரு 32 இஞ்ச் 4கே க்யூடி-ஓஎல்இடி-ய வேணும்னே ஆபீஸ் மானிட்டரா போட்டு, டாஸ்க்பாரை மறைக்காம, ரெண்டு விண்டோவை பக்கத்துல பக்கத்துல வெச்சு வேலை பாத்து, சில மாசத்துக்கு ஒரு தடவை என்ன ஆச்சுன்னு காட்டினாங்க. ரெண்டு விண்டோ சேர்ற இடத்துல நடுவுல செங்குத்தா ஒரு மெல்லிசு கோடு, அதுதான் மொதல்ல எட்டிப் பாத்தது, அதுவும் வெறும் கிரே படம் போட்டு தேடினாதான் தெரியற அளவுக்கு. கோடிங் பண்றவங்க இதை கவனிங்க, டாஸ்க்பாரை பத்தியே எல்லாரும் பேசறாங்க, பாதிக்கு பாதி பிரிச்சு வெக்கிற விண்டோவை யாரும் நெனைக்கறது இல்ல.

கம்பெனிக்காரங்களும் சும்மா இல்ல. படத்தை அப்பப்போ ஒரு சில பிக்சல் நகத்தி வெப்பாங்க, ஆடாம நிக்கிற லோகோவை கண்டுபுடிச்சு அந்த இடத்தை மட்டும் மங்க விடுவாங்க, இதெல்லாம் உங்களுக்கு தெரியாமலே நடக்கும். முக்கியமானது பிக்சல் ரெஃப்ரெஷ். பல மாடல்ல சுமார் நாலு மணி நேரம் ஓடினப்புறம் நீங்க எப்போ மானிட்டரை ஸ்டாண்ட்பைல விடறீங்களோ அப்போ அது தானா சில நிமிஷம் ஓடும், உள்ள ஒவ்வொரு புள்ளியும் எவ்ளோ மாறியிருக்குன்னு அளந்து அதுக்கு தகுந்த மாதிரி கரண்ட்டை திருத்தி வெக்கும். ரெஃப்ரெஷ்னு பேரு இருக்கறதால தேஞ்சது புதுசாயிடும்னு நினைக்காதீங்க, தேஞ்ச பல்லு திரும்ப வளராது, மேடு பள்ளம் தெரியாம சமன் பண்ணி வெக்குது, அவ்ளோதான்.

இதுல ஒரு கேஸ் சொல்றேன். ஒருத்தர் ஓஎல்இடி மானிட்டரை தூக்கிட்டு வந்தாரு, வாங்கி பத்து மாசம் இருக்கும், கோடிங் எடிட்டரோட இடது ஓரத்து ஃபைல் லிஸ்ட் பட்டை நல்லாவே தெரியுது. பிரைட்னஸ் என்னன்னு கேட்டா 40, டாஸ்க்பார் மறைச்சுதான் வெச்சிருக்காரு, டார்க் தீம், எல்லாம் ஒழுங்கு. எனக்கே புரியல. மெனுவுக்குள்ள போய் பாத்தா பிக்சல் ரெஃப்ரெஷ் எத்தனை தடவை முடிஞ்சுதுங்கிற இடத்துல எண்ணிக்கை விரல் விட்டு எண்ற அளவுதான். அப்புறம் பேச்சு குடுத்தப்போதான் தெரிஞ்சுது, மனுஷன் ரொம்ப சிக்கனம், ஜாக்கிரதை, டெய்லி ராத்திரி கம்ப்யூட்டரை அணைச்ச கையோட சுவத்து சுவிட்சையும் தட்டிட்டு படுக்கப் போறாரு. ரெஃப்ரெஷ் ஓட கரண்ட்டே இல்ல. பத்து மாசமா பேனல் தன்னைத்தானே சரி பண்ணிக்க ஒரு பத்து நிமிஷம் கெடைக்காம தவிச்சிருக்கு. நல்ல பழக்கம்தான், தப்பான எடத்துல போய் மாட்டிக்கிச்சு. அதனால தம்பி, ஓஎல்இடி வாங்கினா மானிட்டரை அதோட பட்டன்ல அணைங்க, இல்ல தானா தூங்க விடுங்க, சுவத்து சுவிட்சை தொடாதீங்க, தொட்டே ஆகணும்னா மானிட்டர்ல இருக்கிற அந்த குட்டி லைட்டு மினுக்கறது நின்னப்புறம் தொடுங்க. வேலை நடுவுல ரெஃப்ரெஷ் பண்ணவான்னு மெசேஜ் வந்தா தள்ளிப் போடலாம், ஆனா டெய்லி தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கக் கூடாது. அதுக்காக பயந்துக்கிட்டு மெனுவுக்குள்ள போய் ரொம்ப நேரம் ஓடற பெரிய ரெஃப்ரெஷை வாராவாரம் கையால ஓட்டறவங்களும் இருக்காங்க, அதுவும் வேணாம், அது தனக்கு எப்போ வேணும்னு தானே கேக்கும்.

மத்தபடி உங்க பக்கம் செய்ய வேண்டியது பெரிசா ஒண்ணும் இல்ல. டாஸ்க்பார் ஆட்டோ-ஹைட், வால்பேப்பர் கருப்பு, டெஸ்க்டாப்ல ஐகான் கும்பலை மறைச்சுடுங்க, அஞ்சு நிமிஷம் கை வெக்கலன்னா ஸ்க்ரீன் ஆஃப். ஓஎல்இடி-ல கருப்புன்னா அந்த புள்ளி நிஜமாவே அணைஞ்சிருக்கு, தேய்மானம் ஏறக்குறைய சுழி, ஸ்க்ரீன் சேவர்னு கேட்டீங்களே, 1983-ல சோச்சா எழுதின அந்த வெறும் கருப்புதான் இன்னைக்கும் ஓஎல்இடி-க்கு பெஸ்ட், கலர் கலரா எதுவும் வேணாம். விண்டோவை டெய்லி ஒரே எடத்துல பாதிப்பாதியா நிறுத்தாதீங்க, ஒரு நாள் 60-க்கு 40, ஒரு நாள் ஃபுல், இப்படி மாத்துங்க. கேம்ல ஹெல்த் பார், மேப் எல்லாம் ஓரமா நிக்கும், ரெண்டு மணி நேரம் ஆடறதுக்கு அது ஒண்ணும் பண்ணாது, ஒரே கேமை வருஷம் பூரா நாளைக்கு எட்டு மணி நேரம் ஆடறவருக்குத்தான் அந்த பேச்சு. அல்ட்ராவைட், அதாவது வழக்கத்தை விட அகலமான மானிட்டர், வாங்கறதா இருந்தா ஒண்ணு, அதுல சாதா 16:9 வீடியோவா பாத்துக்கிட்டே இருந்தா ரெண்டு பக்கமும் கருப்பு பட்டை விழும், நடு எடம் மட்டும் தேயும், ஓரம் ரெண்டும் புதுசாவே இருக்கும், பின்னாடி வெள்ளை பக்கம் தொறந்தா ஓரம் பளிச்சுன்னு தனியா தெரியும். கருப்பு நல்லதுன்னு சொன்னேனே, அது எல்லா இடத்துக்கும் சேத்து இருந்தாதான் நல்லது.

பர்ன்-இன் ஃபிக்ஸ்னு கலர் கலரா மின்னற வீடியோ பத்து மணி நேரத்துக்கு கெடைக்கும், எல்சிடி-க்கு அது வெள்ளை படம் போட்ட மாதிரி கொஞ்சம் உதவும். ஓஎல்இடி-ல அதை ஓட்டாதீங்க. தேஞ்ச இடம் தேஞ்சதுதான், மீதி இடத்தையும் கூட சேத்து தேய்க்கற வேலை அது. அப்புறம் வாங்கின நாள்லேர்ந்து டெய்லி கிரே படத்தை போட்டு இருட்டுல கண்ணை இடுக்கிக்கிட்டு தேடற பழக்கம் வேணவே வேணாம், புது ஓஎல்இடி-லயே அடர் கிரேல மெல்லிசா கோடு கோடா இருக்கறது சகஜம், அதை பாத்துட்டு தூக்கம் கெட்டவங்க போன் பண்ணி என் தூக்கத்தையும் கெடுத்திருக்காங்க.

வாங்கலாமா வேணாமான்னா, எட்டு மணி நேரம் கோடிங், வருஷத்துக்கு 250 நாள் வேலைன்னு வெச்சாலே 2000 மணி நேரம், அதுல பெரும்பாலும் ஆடாம நிக்கிற எழுத்து. உங்க கூட வேலை செய்றவர் சொன்ன மாதிரி ஒரு வருஷத்துல அச்சு குத்தாது, நான் சொன்னபடி ஓட்டினா மூணு நாலு வருஷம் கண்ணுக்கு தெரியாம போகும்னுதான் என் அனுபவத்துல சொல்வேன், பத்து வருஷம் வெச்சுக்கணும்னு நினைக்கறவர் எல்சிடி-யே வாங்கட்டும், வெளிச்சமும் வேணும்னா மினி எல்இடி, அதாவது பின்னாடி நிறைய குட்டி குட்டி எல்இடி வெச்ச எல்சிடி. உண்மையா சொன்னா கோடிங்குக்கு எனக்கு பர்ன்-இன்னை விட எழுத்துதான் உறுத்தும், ஓஎல்இடி-ல சிவப்பு பச்சை நீலம் வரிசை வழக்கமான மாதிரி இருக்காததால எழுத்து ஓரத்துல மெல்லிசா கலர் கசியும், 27 இஞ்ச் 1440பி-ல தெரியும், 32 இஞ்ச் 4கே-ல அவ்ளோ தெரியாது. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளை பக்கத்துல கருப்பு எழுத்தை போட்டு உங்க கண்ணால பாத்துடுங்க.

வாரண்டி அட்டையையும் படிங்க. 2022-ல டெல்லோட ஏலியன்வேர் மொதல் க்யூடி-ஓஎல்இடி கேமிங் மானிட்டரை விட்டப்போவே மூணு வருஷத்துக்கு பர்ன்-இன்னையும் சேத்து வாரண்டி குடுத்தாங்க, அப்புறம் வேற பல கம்பெனியும் அந்த வழிக்கு வந்தாச்சு. ஆனா மாடலுக்கு மாடல், நாட்டுக்கு நாடு மாறும், பர்ன்-இன்ங்கிற வார்த்தை எழுத்துல இருக்கான்னு பாருங்க, பேனல் வாரண்டின்னு பொதுவா போட்டிருந்தா அதுல இது அடங்காம போகலாம். பத்து மாசத்துல மானிட்டரை என்கிட்ட தூக்கிட்டு வந்தாரே அந்த சிக்கனக்காரர், அவருக்கு அந்த வார்த்தை இருந்துச்சு, பேனல் மாத்தி குடுத்தாங்க. சுவத்து சுவிட்ச்சுல இப்போ ஒரு டேப் ஒட்டி வெச்சிருக்காராம்.

உங்க எக்செல் கோடு ரெண்டு மூணு நாள் ரெஸ்ட் குடுத்தும் போகலன்னா திரும்ப எழுதுங்க. ரூம் லைட்டை அணைச்சு, பிளாஷ் இல்லாம, போன்ல போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி, ஸ்க்ரீன்ஷாட் வேணாம்.